வடபுறக் கூரை: ஓர் இளங்கட்டுநருக்குத் திறந்த மடல்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்டி முடித்த ஒரு கட்டடத்தின் மரத்தை மாற்றுவது வேறு, அந்த மரம் நிற்கும் அல்லது கிடக்கும் திசையைக் காப்பது வேறு. நார்வே நாட்டின் போர்குண்ட் தேவாலயத்தை அவ்விளையாட்டுக்குள் எழுப்பி, படங்களோடு அவ்வுலகம் அடங்கிய கணினிக் கோப்பையும் எவரும் இறக்கிப் பார்க்கும்படி பொதுவில் வைத்திருக்கும் இளங்கட்டுநர் இந்த வேறுபாட்டை அறிந்தவர் என்பதற்கு அவருடைய முகட்டு வேலைப்பாடே சான்று. அறிந்திருந்தும் அதை ஒரே கட்டளையில் பறிகொடுத்தார் என்பதற்கு வடபுறக் கூரை சான்று. இம்மடல் பெரும்பாலும் அந்தக் கூரையைப் பற்றியது. அளவெடுப்பது, தளம் பிரிப்பது, ஓர் உண்மைக் கட்டடத்தை ஒரு மீட்டர்க் கனசதுரங்களுக்குள் அடக்குவது ஆகியவற்றில் அவருக்குச் சொல்லித்தர வேண்டியது எதுவும் இல்லாததால் அவை இங்கே பேசப்படவில்லை. பிறரும் படிக்கக்கூடும் என்பதற்காகச் சில கலைச்சொற்களுக்கு மட்டும் அவை வருமிடத்தில் பொருள் சொல்லப்படுகிறது.

போர்குண்ட் தேவாலயம் நார்வேயின் லார்டால் பகுதியில் ஏறத்தாழ 1180-க்கும் 1200-க்கும் இடையில் பைன் மரத்தால் கட்டப்பட்டது. அடுக்கடுக்காக மேலேறும் அதன் கூரைகள் மீன்செதில் போன்ற மரச்சில்லுகளால் வேயப்பட்டவை. மழையும் பனியும் மரத்தை அரிக்காதிருக்கத் தலைமுறை தலைமுறையாகப் பூசப்பட்ட தாரினால் கட்டடமே கறுத்துப்போயிருக்கிறது. மைன்கிராஃப்டில் பைன் என்ற பெயரில் மரம் இல்லை. எனவே இளங்கட்டுநர் முதலில் பழுப்பு நிற ஸ்ப்ரூஸ் மரத்தில் கட்டினார் என்பதும், பின்னர் தாரின் கருமையைக் கருதி முழுக் கட்டடத்தையும் டார்க் ஓக் மரத்துக்கு மாற்றினார் என்பதும் படங்களோடு அவர் எழுதியுள்ள குறிப்பிலிருந்து தெரிகின்றன. அந்த முடிவில் தவறில்லை. ஸ்ப்ரூஸ் நிறத்தில் நின்றிருந்தால் அத்தேவாலயம் நேற்றுத் திறந்த மலைவாசத்தல விடுதியைப் போலத்தான் இருந்திருக்கும். முடிவை நிறைவேற்றிய முறையில்தான் குற்றம் இருக்கிறது.

கூரைச் சரிவுகள் படி பிளாக்குகளால் ஆனவை. பிளாக் என்பது இவ்விளையாட்டின் உலகம் முழுவதும் எதனால் ஆனதோ அந்தக் கனசதுர அலகு. படி பிளாக் என்பது அதில் ஒரு மூலை வெட்டி எடுக்கப்பட்டு, பக்கவாட்டில் பார்க்கும்போது தடித்த ‘ட’ எழுத்தைப் போல ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் தோன்றும் வடிவம். அதன் உயர்ந்த பக்கம் எத்திசையில் இருக்கிறதோ அதுவே அதன் முகத்திசை என்று விளையாட்டின் நிரல் கொள்கிறது. முகத்திசை நான்கு, நிமிர்ந்தும் கவிழ்ந்தும் இருப்பதால் நிலை இரண்டு, அண்டை பிளாக்குகளைப் பொறுத்து நேராகவோ உள்மூலையாகவோ வெளிமூலையாகவோ வளையும் வடிவம் ஐந்து, நீர் தேங்கியிருப்பதும் தேங்காதிருப்பதுமாக இரண்டு என, ஒரே மரத்தின் படி பிளாக் ஒன்றுக்கு 80 நிலைகள் உண்டு. ஸ்ப்ரூஸ் படிகளை டார்க் ஓக் படிகளாக மாற்று என்று மட்டும் கட்டளையிட்டால், கணினி அந்த 80-இல் எது வேண்டும் என்று திரும்பக் கேட்பதில்லை. சொல்லாமல் விட்டதையெல்லாம் இயல்புநிலை என்று தன்னிடமுள்ள ஒன்றால் நிரப்பிவிடுகிறது. படி பிளாக்கின் இயல்புநிலை வடக்கு நோக்கியது, நிமிர்ந்தது, நேரானது.

இதன் விளைவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இடைக்காலத் தேவாலயங்களின் வழக்கப்படி போர்குண்டின் நீளம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ஆகவே முதன்மைக் கூரையின் இரு சரிவுகளில் ஒன்று தெற்கேயும் மற்றது வடக்கேயும் இறங்குகிறது. தெற்குச் சரிவில் உள்ள படிகளின் உயர்ந்த பக்கம் முகட்டை, அதாவது வடக்கை, நோக்கி இருக்க வேண்டும். கட்டளை எல்லாவற்றையும் வடக்கு நோக்கித் திருப்பியதால் தெற்குச் சரிவு தற்செயலாகத் தப்பித்தது. வடக்குச் சரிவிலோ தெற்கு நோக்க வேண்டியவையெல்லாம் வடக்கு நோக்கித் திரும்பியதால், வழுக்கி இறங்க வேண்டிய கூரை மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போல வரிசை வரிசையாக வெளிப்புறம் நிமிர்ந்து நிற்கிறது. உண்மையில் அப்படியொரு கூரை இருந்திருந்தால் ஒவ்வொரு வரிசையிலும் பனி தேங்கி, முதல் குளிர்காலத்திலேயே மரம் ஊறத் தொடங்கியிருக்கும். கிழக்குக் கோடியில் பலிபீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்டப் பகுதியின் கூரையில் மூலைகளே மறைந்துவிட்டன; ஒரு படி பிளாக் மூலையாக வளைவதற்குத் தனக்குக் குறுக்கே நிற்கும் இன்னொரு படி பிளாக் அண்டையில் இருக்க வேண்டும் என்பதால், எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்குமிடத்தில் மூலை பிறக்க வழியில்லை.

இளங்கட்டுநர் வெளியிட்டிருக்கும் படங்களில் புறத்தோற்றத்தைக் காட்டும் அத்தனையும் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ எடுக்கப்பட்டவை. இதைத் தற்செயல் என்று கொள்ள இம்மடலாசிரியரின் மனம் ஒப்பவில்லை. வெளிச்சம் காரணம் என்று சொல்லவும் முடியாது. இவ்விளையாட்டில் ஒரு பிளாக்கின் மேற்பரப்புக்கு முழு ஒளியும், வடக்கு தெற்குப் பக்கங்களுக்கு அதில் 0.8 பங்கும், கிழக்கு மேற்குப் பக்கங்களுக்கு 0.6 பங்கும், அடிப்பக்கத்துக்கு 0.5 பங்கும் என்று நிழல் நிலையாக வகுக்கப்பட்டிருப்பதால், வடக்கும் தெற்கும் எந்நேரத்திலும் ஒரே அளவு ஒளியைத்தான் பெறுகின்றன. பிழை நேர்ந்தது சிறிய குற்றம், எவருக்கும் நேரக்கூடியது. பிழையைக் கண்டுகொண்டு அதன் பக்கம் காமிராவைத் திருப்பாமல் விட்டது பெரிய குற்றம். உலகத்தின் கணினிக் கோப்பை வெளியிடாமல் படங்களை மட்டும் வெளியிட்டிருந்தால் இம்மடலுக்கே தேவை ஏற்பட்டிருக்காது என்பதையும், வெளியிட்டது அவருடைய நேர்மைக்கு அடையாளம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வகைக்கும் திசைக்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கணம் படித்த ஒருவருக்கு விளக்குவது எளிது. பிளாக்கின் வகை பெயர்ச்சொல்லைப் போன்றது. அதன் திசை வேற்றுமை உருபைப் போன்றது. ‘தச்சன் கோடரியால் மரத்தைப் பிளந்தான்’ என்ற தொடரில் கோடரிக்குப் பதில் உளியைக் கொண்டுவர விரும்புபவர் ‘உளியால்’ என்று எழுதுவாரேயன்றி ‘தச்சன் உளி மரத்தைப் பிளந்தான்’ என்று எழுதமாட்டார். பெயரை எடுத்துவிட்டு உருபு இருந்த இடத்தில் உருபை வைக்காமல் விட்டால் புதிய பெயர் எழுவாயாக, அதாவது உருபே இல்லாத முதல் வேற்றுமையாக, நின்றுவிடுகிறது. படி பிளாக்கின் இயல்புநிலை அத்தகைய எழுவாய்தான். வடபுறக் கூரை முழுவதும் உருபு உதிர்ந்த சொற்களின் குவியலாக நிற்கிறது. ஒவ்வொரு சொல்லும் சரி, தொடர் பிழை. ஒரு கட்டுநர் நாட்கணக்கில் உழைத்து உலகத்தில் சேர்ப்பது பெரும்பாலும் இந்த உருபுகளைத்தான். எந்த மரம் என்பது ஐந்து நிமிட முடிவு; எந்தப் படி எத்திசையில் என்பது ஆயிரம் சிறு முடிவுகள். ஐந்து நிமிட முடிவை மாற்றுவதற்காக ஆயிரம் முடிவுகளை அழிப்பது எத்தகைய சிக்கனம் என்பது மடலாசிரியருக்கு விளங்கவில்லை.

இரண்டாவது குறை அடிமரங்களைப் பற்றியது. மடலாசிரியர் இதில் அளவுக்கு மீறிப் பிடிவாதம் கொண்டவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வதுண்டு, அது உண்மையும்கூட. மைன்கிராஃப்டின் மரத்துண்டு பிளாக்குக்கு நான்கு பக்கம் பட்டையும் இரு முனைகளில் ஆண்டு வளையங்களும் உண்டு. அது செங்குத்தாகவோ, கிழக்கு மேற்காகவோ, வடக்குத் தெற்காகவோ கிடக்கலாம் என்பதால் மூன்று அச்சுகள் அதற்கு வகுக்கப்பட்டிருக்கின்றன. இயல்புநிலை செங்குத்து. எனவே மாற்றுக் கட்டளைக்குப் பின் தேவாலயத்தின் தூண்கள் கெடவில்லை. அவற்றைத் தாங்கும் அடித்தளச் சட்டங்கள் கெட்டன. கிடைமட்டமாக ஓட வேண்டிய நீண்ட உத்திரங்கள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு துண்டாக எழுந்து நின்று, தலையில் வளையங்களைக் காட்டிக்கொண்டு, வரிசையாக நட்ட முளைகளைப் போல் தோன்றுகின்றன.

வேறு எந்தக் கட்டடமாக இருந்தாலும் இது கண்ணை உறுத்தும் ஒரு பிழை என்ற அளவில் நின்றிருக்கும். இவ்வகைத் தேவாலயத்தில் அது வரலாற்றுப் பிழையாகிறது. நார்வே மொழியில் இவை ஸ்டாவ் தேவாலயங்கள் எனப்படுகின்றன. ஸ்டாவ் என்பது நிமிர்ந்து நிற்கும் தூணைக் குறிக்கும் சொல். மரங்களைக் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலைகளில் கொத்திப் பூட்டும் மரவீட்டு முறை ஒன்றும், தூண்களையும் பலகைகளையும் நிமிர்த்தி வைக்கும் முறை ஒன்றும் அந்நாட்டில் உண்டு என்பதால், மரம் நிற்கிறதா கிடக்கிறதா என்பதே அக்கட்டடத்துக்குப் பெயர் தந்திருக்கிறது. அதற்கு முந்தைய தேவாலயங்களில் தூண்களை நேராக மண்ணில் புதைத்தார்கள். அவை ஈரத்தில் அழுகி விழுந்தன. பிறகு வந்த தச்சர்கள் கற்களின் மேல் கிடைச்சட்டங்களைப் பரப்பி, அச்சட்டங்களில் தூண்களைப் பொருத்தி, மரம் மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். போர்குண்ட் 800 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதற்கும், இன்று நார்வேயில் இவ்வகைத் தேவாலயங்கள் 28 எஞ்சியிருப்பதற்கும் அந்தக் கிடைச்சட்டம் ஒரு முதன்மையான காரணம். இளங்கட்டுநரின் கட்டளை அந்தச் சட்டங்களை முளைகளாக நிமிர்த்தியதன் மூலம், தச்சர்கள் கைவிட்ட பழைய முறைக்கே கட்டடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

மரத்தின் திசையை மதிப்பது எல்லா நாட்டுத் தச்சருக்கும் பொதுவான குணம். தூணுக்கு மரத்தின் அடி கீழேயும் நுனி மேலேயும் வரவேண்டும் என்ற மரபு தமிழ்நாட்டு மரத்தச்சரிடையேயும் உண்டு. அடியையும் நுனியையும் பார்த்தறியத் தெரியாத கையில் உளியைக் கொடுக்க மூத்த ஆச்சாரிகள் தயங்குவார்கள். மைன்கிராஃப்டில் இந்த நுட்பத்துக்கு இடமில்லை என்பது மடலாசிரியரின் நெடுநாள் மனத்தாங்கல். அச்சு மூன்றுதான் என்பதால், நிமிர்ந்த மரம் தலைகீழாக நிற்கிறதா இல்லையா என்று அவ்வுலகில் எவராலும் சொல்ல முடியாது. ஆறு திசைகளும் தரப்பட்டிருந்தால் எத்தனை பேர் அவற்றைப் பொருட்படுத்தியிருப்பார்கள் என்ற கேள்வியும், இருக்கும் மூன்றே இவ்வாறு பறிபோவதைக் காணும்போது, எழத்தான் செய்கிறது.

இன்று பத்தொன்பது இருபது வயதில் கட்டுபவர்களுக்குத் திசை என்பது பிறக்கும்போதே உடன்வந்த செல்வம். மூத்த தலைமுறைக்கு அது தவணை தவணையாகக் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் மார்க்குஸ் பெர்சன் 2009 மே மாதம் இவ்விளையாட்டின் முதல் வடிவத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட்டபின் மூன்றாண்டுகள் வரை மரத்துண்டு நிமிர்ந்து மட்டுமே நின்றது. உத்திரம் வேண்டியவர்கள் பலகையை நீட்டி உத்திரம் என்று தங்களையே நம்பவைத்துக்கொண்டார்கள். கவிழ்ந்த படி பிளாக் 2012 மார்ச்சில் வந்தது. கிடக்கும் மரம் அதே ஆண்டு ஆகஸ்டில் 1.3 பதிப்போடு வந்தது. அந்த ஆகஸ்டில் முதல் உத்திரத்தைக் கிடத்திவிட்டு அதன் முனையில் தெரிந்த வளையங்களைப் பார்த்தபடி நெடுநேரம் வேறெதுவும் கட்டாமல் இருந்தவர்களுள் மடலாசிரியரும் ஒருவர்.

அக்காலத்தில் பிளாக்குகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஒவ்வொரு பிளாக்கின் வகையும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக ஒரு பட்டியலிலும், அதன் திசையும் நிறமும் பிறவும் 0 முதல் 15 வரையிலான தரவெண்ணாக இன்னொரு பட்டியலிலும் தனித்தனியே சேமிக்கப்பட்டன. 16×16×16 அளவுள்ள ஒரு பகுதியில் 4096 பிளாக்குகள். வகைகளுக்கு 4096 பைட்டுகள், தரவெண்களுக்கு அதில் பாதியான 2048 பைட்டுகள். படிகளுக்குத் தரவெண் 0 என்றால் கிழக்கு, 1 மேற்கு, 2 தெற்கு, 3 வடக்கு. கவிழ்ந்திருந்தால் ஒவ்வொன்றோடும் 4 கூடும். ஓக் படி 53, கற்படி 67 என்று ஊர்ப் பேருந்தின் தட எண்களைப் போல இவை மனப்பாடமாயிருந்தன. உலகத்தை மூடிவைத்துவிட்டு வெளியிலிருந்து திருத்த உதவிய எம்சிஎடிட் என்னும் கருவிக்குப் பைத்தான் மொழியில் வடிகட்டி எனப்படும் சிறு நிரல்களை எழுதுவோர், வகையை மாற்ற ஒரு கட்டளையும் தரவெண்ணை மாற்ற வேறொரு கட்டளையும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. சலிப்பூட்டும் முறைதான். எனினும் வகையை மாற்றும் வரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டால் திசை தொடப்படாமல் அப்படியே இருந்தது.

இந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. 2013-இல் டார்க் ஓக் மரம் சேர்க்கப்பட்டபோது பழைய எண்ணில் இடமில்லாமல் அதன் மரத்துண்டுக்கு 162 என்ற புதிய எண் தரப்பட்டது. மரத்துண்டின் தரவெண்ணில் மர இனமும் அச்சும் சேர்ந்தே இருக்கும். ஸ்ப்ரூஸின் எண் 17, இனக்குறி 1. டார்க் ஓக்கின் எண் 162, இனக்குறி அதே 1. ஆகவே 17-ஐ 162 என்று மாற்றிவிட்டுத் தரவெண்ணைத் தொடாமல் விட்டால், நின்ற ஸ்ப்ரூஸ் நின்ற டார்க் ஓக்காகவும் கிடந்த ஸ்ப்ரூஸ் கிடந்த டார்க் ஓக்காகவும் ஆகிவிடும். படிகளில் 134-ஐ 164 ஆக்கினால் போதும். இளங்கட்டுநர் இதே மாற்றத்தை 2014-இல் செய்திருந்தால் கூரையும் சட்டங்களும் சேதமில்லாமல் கறுத்திருக்கும். பலகைகளிலும் ஸ்லாப் எனப்படும் அரை உயரப் பிளாக்குகளிலும் மட்டும், அவற்றின் இனம் தரவெண்ணிலேயே இருந்ததால், வேறு கணக்குப் போட வேண்டியிருந்திருக்கும்.

பழைய காலத்தைப் புகழ்வதற்காக இது சொல்லப்படவில்லை. ஒருமுறை ஒரு சர்வரில் பலர் சேர்ந்து கட்டிய கோட்டையின் கற்படிகளைச் செதுக்கிய கற்படிகளாக, அதாவது 67-ஐ 109 ஆக, மாற்றும் பொறுப்பை ஏற்ற மடலாசிரியர், தேவையில்லாத எச்சரிக்கையால் தரவெண்ணையும் 0 என்று எழுதிவிட்டு, நகல் எடுத்து வைக்காத உலகத்தைச் சேமித்தும் விட்டார். நான்கு புறத்துப் படிகளும் கிழக்கு நோக்கித் திரும்பின. சேர்ந்து கட்டியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எவரும் வரவுமில்லை. அந்தப் படிகளை ஒவ்வொன்றாக உடைத்துத் திருப்பி வைக்க மூன்று வாரங்கள் பிடித்தன. அக்காலத்துப் பிழைகள் கிழக்கு நோக்கின, இக்காலத்துப் பிழைகள் வடக்கு நோக்குகின்றன என்பதே வேறுபாடு.

2018 ஜூலையில் வெளிவந்த 1.13 பதிப்பு எண்களை ஒழித்து, ஒவ்வொரு பிளாக்கையும் ஒரு பெயராலும் பெயர் சூட்டப்பட்ட பண்புகளாலும் சேமிக்கத் தொடங்கியது. முகத்திசை கிழக்கு, பாதி மேல், அச்சு இசட் என்று படித்தாலே விளங்கும்படி எல்லாம் எழுதப்படலாயிற்று. அதே பதிப்பில் டீபக் ஸ்டிக் என்னும் கோலும் வந்தது. ஒரு சொடுக்கில் பண்பைத் தேர்ந்து மறு சொடுக்கில் அதன் மதிப்பை மாற்றலாம். கார்ப்பெட் என்ற மோடில் (மோடு என்பது பிறர் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல்) உரிய விதியை இயக்கிவிட்டுக் கையில் ஒரு கள்ளியை ஏந்திப் பிளாக்கைத் தொட்டால் அது திரும்பிக்கொள்ளும். ஏன் கள்ளி என்று கேட்பவர்கள் விளையாடத் தெரியாதவர்கள். இவையெல்லாம் ஒன்றிரண்டு பிளாக்குகளைத் திருத்தும் கருவிகள். டீபக் ஸ்டிக்கால் மூலைவடிவத்தை வலிந்து மாற்றி வைப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அண்டையில் ஒரு பிளாக் மாறியதும் படி தன் வடிவத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும், வலிந்து செய்தது கலைந்துபோகும்.

முழுக் கூரைக்கு வேறு வழிகள் உண்டு, அவை இளங்கட்டுநரின் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. அவர் பயன்படுத்தும் வேர்ல்ட்எடிட் மோடிலேயே, புதிய பிளாக்கின் பெயருக்கு முன்னால் தொப்பி போன்ற கூரைக்குறியை இட்டால், வகை மட்டும் மாறி எஞ்சிய பண்புகள் அனைத்தும் பழையபடி இருக்கும். ஒரே ஓர் எழுத்து விசை. அதை இடாததால்தான் இந்த மடல் இவ்வளவு நீள்கிறது. மோடு இல்லாத உலகத்திலும் வழியில்லாமல் இல்லை. ஃபில் என்னும் கட்டளை எதை எடுக்க வேண்டும் என்பதிலும் எதை வைக்க வேண்டும் என்பதிலும் பண்புகளைக் குறிப்பிட இடந்தருவதால், நான்கு முகத்திசைகளுக்கும் இரு நிலைகளுக்குமாக எட்டுக் கட்டளைகளில் ஒரு கூரையைத் திசை மாறாமல் மாற்றிவிடலாம். ஒரு கட்டளைக்கு 32768 பிளாக்குகள் என்ற இயல்பான வரம்பு உண்டு. கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். மூலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், ஏனெனில் எந்த மரத்தின் படியும் வேறெந்த மரத்தின் படியோடும் சேர்ந்து மூலையாகும். பாதி ஸ்ப்ரூஸும் பாதி டார்க் ஓக்குமாக இருக்கும் இடைவேளையிலும் கூரை குலையாது.

மூன்றாவது வழிதான் மடலாசிரியருக்கு உகந்தது. ஸ்ட்ரக்சர் பிளாக் ஒவ்வொரு பக்கமும் 48 வரை அளவுள்ள ஒரு பகுதியைத் தனிக் கோப்பாகச் சேமிக்கும். அக்கோப்பின் உள்ளே பேலட் என்னும் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் அப்பகுதியில் வரும் ஒவ்வொரு பிளாக் நிலையும் பெயர் வேறாகவும் பண்புகள் வேறாகவும் ஒரே ஒருமுறை எழுதப்பட்டிருக்கும். பிளாக்குகள் ஆயிரமாயினும் பட்டியலில் ஸ்ப்ரூஸ் படி சில பத்து வரிகளுக்கு மேல் வராது. அவ்வரிகளில் பெயரை மட்டும் மாற்றிச் சேமித்து, கோப்பை மீண்டும் உலகத்தில் வைத்தால், பண்புகளை எவரும் தொடாததால் அவை இருந்தபடி இருக்கும். பெயரும் உருபும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இவ்விளையாட்டில் இல்லை.

பண்புகள் ஒத்துப்போகாத வகைகளுக்கிடையே மாற்றும்போது மட்டும் இவ்வழிகளும் உதவா. வேலி பிளாக்குக்கு ஒவ்வொரு பக்கமும் இணைப்பு உண்டு, இல்லை என்ற இரண்டே மதிப்புகள், 1.16 பதிப்புக்குப் பின் சுவர் பிளாக்குக்கு இல்லை, தாழ்வு, உயர்வு என்று மூன்று. ‘கல்’ என்பது ‘கல்லை’ ஆவதும் ‘மரம்’ என்பது ‘மரத்தை’ ஆவதும் போல, பெயர் மாறினால் உருபு ஒட்டும் விதமும் மாறுமிடங்கள் இவை. பண்புகளைக் குறிப்பிடாத மொத்த மாற்றக் கட்டளையில் கதவுகளை எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது. மேல்பாதியும் கீழ்பாதியும் இரு பிளாக்குகள் என்பதை இயல்புநிலை அறியாது.

விளையாட்டை உருவாக்கியவர்களே திசையை மதிக்கிறார்கள் என்பதற்கு அதனுள்ளேயே சான்றுகள் உண்டு. கோடரியால் மரத்துண்டின் பட்டையை உரித்தால் அது வேறு வகைப் பிளாக்காக மாறுகிறது, கிடந்த மரம் எழுந்து நிற்பதில்லை. 1.17 பதிப்பில் வந்த செம்பு, புதியது முதல் முழுதும் பச்சையாகக் களிம்பேறியது வரை நான்கு வகைகளாகத் தானே மாறிச் செல்கிறது. செம்புப் படிகளால் வேய்ந்த கூரை நிறம் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒரு படிகூடத் திரும்பிக்கொள்வதில்லை. காற்றும் காலமும் செய்யும் மாற்றத்தில் காக்கப்படுவது, கைதேர்ந்த கட்டுநர் ஒருவர் செய்யும் மாற்றத்திலும் காக்கப்பட்டிருக்கலாம்.

கைதேர்ந்தவர் என்ற சொல் முகமனுக்காக எழுதப்பட்டதன்று. போர்குண்டின் கூரை முகடுகளில் செதுக்கப்பட்டிருக்கும் டிராகன் தலைகளை ஒரு மீட்டர் அளவுள்ள பிளாக்குகளில் கொண்டுவர முடியும் என்று மடலாசிரியர் இதுவரை நம்பியதில்லை. மற்றவர்கள் முயன்ற இடங்களில் அவை கொக்காகவோ ஒட்டகமாகவோ முடிந்ததை அவர் பலமுறை கண்டிருக்கிறார். இளங்கட்டுநரோ ஒரு கவிழ்ந்த படியை முன்நீட்டி, அதன் கீழ் ஒரு நிமிர்ந்த படியைத் தாடையாக எதிர்த்திசையில் வைத்து, இரு பக்கமும் திறந்த தரைக்கதவுகளைப் பிடரியாகச் செருகி, நான்கே பிளாக்குகளில் சீறும் தலையை உண்டாக்கியிருக்கிறார். அந்தத் தாடைப் படியின் திசையைத் திருப்பினால் தலை மறைந்து வெறும் மரத்துண்டு எஞ்சும்; திசை ஒன்றினாலேயே உயிர் பெற்ற உருவம் அது. மடலாசிரியர் பல ஆண்டுகளாகப் பார்த்த எந்தக் கட்டுமானத்திலும் இதற்கு இணையான நான்கு பிளாக்குகளைக் கண்டதில்லை. மாற்றக் கட்டளைக்குப் பிறகு இத்தலைகளை மட்டும் அவர் தம் கையால் ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார் என்பது தெளிவு, ஏனெனில் வடக்குப் பார்க்கக் கூடாத எதுவும் அங்கே வடக்குப் பார்க்கவில்லை. தலைகளுக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் கூரைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

உள்ளே தூண்களுக்கிடையே விட்டிருக்கும் இருட்டும் நன்று.

ஸ்ப்ரூஸில் நின்ற பழைய உலகத்தின் நகல் அவரிடம் இன்னும் இருக்குமானால் அதிலிருந்து தொடங்குவதே எளிது. இல்லாவிட்டால் தெற்குச் சரிவை ஸ்ட்ரக்சர் பிளாக்கில் சேமித்து 180 பாகை சுழற்றி வடக்கே பதிக்கலாம், அரைவட்டக் கூரையையும் கிடைச்சட்டங்களையும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும். எதுவாயினும், திருத்தப்பட்ட தேவாலயத்தின் முதல் படத்தை அவர் வடகிழக்கு மூலையில் நின்று எடுத்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்.